முதல் வாரப் பளபளப்பு கொலாஜன் அல்ல

"டாக்டர், ஊசி போட்ட ஒரே வாரத்துல முகம் பளபளன்னு ஆச்சு. ஒரு மாசத்துல எல்லாம் போயிடுச்சு. சரியாப் பண்ணலையோ?"

வேறிடத்தில் மைக்ரோநீட்லிங் (நுண்ணிய ஊசிகளால் தோலைக் குத்தும் சிகிச்சை) செய்துகொண்டு என்னிடம் வந்த ஐம்பது வயதுப் பெண்மணி கேட்டது. அவர் கண்ணாடியில் பார்த்தது பெரும்பாலும் வீக்கம். குத்துப்பட்ட தோலில் நீர் கோத்துக்கொள்வதால் சுருக்கங்கள் நிரம்பியதுபோல் தெரியும். தோலுக்கு உறுதி தரும் புரதமான கொலாஜன் அவ்வளவு சீக்கிரம் உருவாகாது. காயத்தை ஆற்ற, கொலாஜனை உருவாக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் முதலில் மெல்லிய மூன்றாம் வகைக் கொலாஜனை அவசரத்துக்கு இடும். பிறகு மாதக்கணக்கில் அதை உறுதியான முதல் வகையாக மாற்றியமைக்கும். மைக்ரோநீட்லிங், லேசர், ரேடியோஃப்ரீக்வன்சி (ரேடியோ அலைச் சூடு) எதுவானாலும் மூன்று முதல் ஆறு மாதம் கழித்துத்தான் பலனை எடைபோட முடியும்.

அப்படி வரும் கொலாஜன் நிஜமானது. ஆனால் நிலைக்குமா? இளமைப் பருவம் தாண்டியதிலிருந்து நம் தோல் ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதம் கொலாஜனை இழக்கிறது. மாதவிடாய் நின்றபின் முதல் 5 ஆண்டுகளில் மட்டும் சுமார் 30 சதவீதம் போய்விடும். புதிதாக வந்ததற்கும் இந்தத் தேய்மானத்திலிருந்து விலக்கு இல்லை. கொலாஜனைத் தூண்டப் போடும் பாலி-எல்-லாக்டிக் அமில ஊசியின் பலன் ஏறக்குறைய இரண்டு ஆண்டு நிற்கும். "ஒருமுறை போதும், வாழ்நாள் முழுக்க" என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

வயதான முகத்தில் கொழுப்பு குறைகிறது, எலும்பும் தேய்கிறது. கொலாஜன் கூடினால் அவை திரும்ப வராது.

பாலி-எல்-லாக்டிக் அமில ஊசியால் தோலுக்கடியில் முடிச்சுகள் வரலாம். பள்ளங்களை நிரப்பப் போடும் ஹைலூரானிக் அமில ஃபில்லரைக் கரைக்க மருந்து உண்டு, இதற்கு இல்லை. மாநிறமும் கருநிறமும் உள்ள தோலில் லேசர் சூடு கரும்படலமாக நின்றுவிடும் வாய்ப்பு அதிகம். தழும்பு தடித்து வளரும் உடல்வாகு இருந்தால் முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

அந்தப் பெண்மணி சன்ஸ்கிரீனே பூசுவதில்லை. எனக்கு அதுதான் கவலையாக இருந்தது. புற ஊதாக் கதிர், கொலாஜனை அறுக்கும் நொதிகளைத் தூண்டிவிடுகிறது. ஒரு பக்கம் காசு கொடுத்துக் கட்டியதை மறுபக்கம் வெயில் இடித்துக்கொண்டிருக்கும். 2013இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில் 903 பேரை நாலரை ஆண்டு கவனித்தார்கள். இஷ்டப்பட்டபோது மட்டும் பூசியவர்களைவிட, தினமும் சன்ஸ்கிரீன் பூசியவர்களின் தோலில் மூப்பு 24 சதவீதம் குறைவாக இருந்தது. எந்தக் கருவியையும்விட முதலில் இதைத்தான் எழுதித் தருகிறேன்.

அவருக்கு அடுத்த சிட்டிங் வேண்டாம் என்றேன். பகலில் சன்ஸ்கிரீன், இரவில் பட்டாணி அளவு ட்ரெட்டினாயின் (வைட்டமின் ஏ வகைக் களிம்பு; கர்ப்பிணிகளுக்கு இது கூடாது). மூன்று மாதம் கழித்து, அதே அறையில், அதே வெளிச்சத்தில் எடுத்த படத்தைப் பழைய படத்தோடு வைத்துக் காட்டினேன். கண்ணோரக் கோடுகள் மங்கியிருந்தன. தாடையோரத் தொய்வு அப்படியே இருந்தது. இரண்டையும் அவரிடம் சொன்னேன்.