கூகையின் கோணல் காது

முன்னோருக்குப் படையல் போடும் படைப்புக்காக ஊருக்குப் போயிருந்தேன். வருஷத்தில் முக்கால்வாசி நாள் பூட்டியே கிடக்கும் வீடு. இரண்டாம் கட்டுக்குள்ளே, ஆத்தங்குடிக் கல் தரை மேல் கட்டைவிரல் பருமனில் கருப்பாக ஏதோ கிடந்தது. கருப்பட்டித் துண்டு என்றுதான் நினைத்தேன். ஈர்க்குச்சியால் கிளறினால் எலி மயிர், பல்லோடு ஒரு தாடை, உடையாத ஒரு மண்டையோடு! அண்ணாந்து பார்த்தேன். உத்தரத்தில் வெள்ளை முகத்தோடு ஒரு கூகை தூங்கிக்கொண்டிருந்தது. சாக்குருவி என்றும் சொல்வார்கள். இரையை முழுசாக விழுங்கிவிட்டு, செரிக்காத எலும்பையும் மயிரையும் இப்படி உருட்டிக் கக்கிவிடும்.

சரி, கும்மிருட்டில் எலியை எப்படிப் பிடிக்கிறது? கூகைக்குக் கண் கூர்மைதான். ஆனால் வெளிச்சம் துளியும் இல்லாவிட்டால் எந்தக் கண்ணும் உதவாது. அமெரிக்க உயிரியலாளர் ராஜர் பெய்ன் இதைச் சோதித்துப் பார்த்தார் (பிற்பாடு திமிங்கிலப் பாட்டால் பேர் வாங்கியவர்). முழுக்க இருட்டாக்கிய அறையில் சருகைப் பரப்பி எலியை விட்டார், கூகை பிடித்துவிட்டது. எலிக்குப் பதில் ஒரு காகித உருண்டையை நூலில் கட்டிச் சருகில் இழுத்தார். அதையும் பாய்ந்து பிடித்தது. ஆக, மோப்பமும் இல்லை, உடல் சூடும் இல்லை. ஒரு காதில் பஞ்சை அடைத்ததும் குறி தவறியது. 1971-இல் இந்த ஆய்வு வெளியானது.

சூட்சுமம் காது அமைந்திருக்கும் விதத்தில் இருக்கிறது. வலப்பக்கம் எலி சரசரத்தால் சத்தம் வலக் காதுக்கு ஒரு கணம் முந்திப் போய்ச் சேரும். நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத அந்த இடைவெளியைக் கூகையின் மூளை அளந்துவிடுகிறது. இடம் வலம் இப்படித் தெரிந்துவிடும். மேல் கீழ்? அதற்குத்தான் அந்தக் கோணல். அதன் இடக் காதுத் துளை சற்று மேலே அமைந்து கீழ்நோக்கியும், வலக் காதுத் துளை சற்றுக் கீழே அமைந்து மேல்நோக்கியும் இருக்கின்றன. கீழேயிருந்து வரும் சத்தம் இடக் காதில் உரக்கக் கேட்கும், மேலேயிருந்து வருவது வலக் காதில். வட்டத் தட்டு மாதிரியான அந்த முகம், காது மந்தமானவர்கள் உள்ளங்கையைக் குவித்து வைத்துக்கொள்வார்களே, அந்த வேலையைச் செய்கிறது. நம் காது இரண்டும் ஒரே மட்டத்தில் இருப்பதால் மேல் கீழ் கண்டுபிடிப்பதில் நாம் கூகைக்குப் பின்னால்தான்.

அடுத்தது இறகு. கஞ்சி போட்ட புதுக் கண்டாங்கிச் சேலை நடக்கும்போது சரசரக்கும். துவைத்துத் துவைத்து நைந்த சேலையில் சத்தமே வராது. புறாவின் இறகு முதல் ரகம், கூகையுடையது இரண்டாவது. சிறகின் முன்விளிம்பில் சீப்புப் பல் மாதிரி நுண்ணிய நீட்டல்கள், பின்விளிம்பில் முந்தானைக் குஞ்சம் போலப் பிரிந்த இழைகள், மேலெல்லாம் வெல்வெட் பூச்சு. காற்றைக் கிழிக்கும் ஓசை இதில் அடங்கிவிடுகிறது. எலிக்குக் கேட்காமல் போவது ஒரு லாபம். பறக்கும்போதே எலியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு போக முடிவது, என்னைக் கேட்டால், அதைவிடப் பெரிய லாபம்.

கடைசி நொடியில் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, தலை இருந்த இடத்துக்குக் காலை நீட்டி, நகங்களை விரித்து இறங்கும். அப்புறம் ஒரே அமுக்கு.

ஓடு உடைந்த இடத்தின் வழியாகத்தான் அது உள்ளே வருகிறது. அதை அடைத்துவிடலாம் என்றார் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர். நம் செட்டிநாட்டுக்காரர்கள் கடை வைத்திருந்த மலேயாவில் இன்றைக்குச் பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களில் எலியை ஒழிக்கக் கூகைக்குப் பெட்டி கட்டி வைக்கிறார்கள் என்று சொன்னேன்.

"அங்க வளர்த்தா வளர்க்கட்டும் தம்பி. ராத்திரி இது அலறும்போது இம்புட்டுப் பெரிய வீட்டுல தனியாப் படுத்துக் கிடக்கிறது நான்தானே?" என்றார்.