உங்கள் வீட்டு மழைத்தண்ணீர் எங்கே போய் விழுகிறது?

ஐப்பசி பிறந்தால் போதும், எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே மாதிரி இருக்கும். "சார், வாசல்ல தண்ணி நிக்குது, உடனே ஆள் அனுப்புங்க." சென்னையில் வீட்டுப் பராமரிப்பு வேலைகளை எடுத்துச் செய்யும் கட்டடப் பொறியாளன் நான். ஆள் அனுப்புவதற்கு முன்னால் ஒன்று கேட்பேன்: உங்கள் வீட்டு மழைத்தண்ணீர் கடைசியில் எங்கே போய் விழுகிறது? பலருக்குத் தெரியாது. வாசலில் தண்ணீர் இறங்கும் ஜாலி (ஓட்டை மூடி) வரைக்கும் தெரியும். அதற்கு அப்புறம் என்ன என்பது கட்டிய கொத்தனாருக்குத்தான் வெளிச்சம்.

ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். ஒரு கிரவுண்ட் மனையில், அதாவது 2,400 சதுர அடியில், 10 செ.மீ. மழை பெய்தால் 22,000 லிட்டருக்கு மேல் சேரும். கிட்டத்தட்ட இரண்டு பெரிய தண்ணீர் லாரி. 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பதிவானது, அப்படிப்பட்ட மழைக்கு எந்த வீட்டு வடிகாலும் தாங்காது. ஆனால் ஐந்து, பத்து சென்டிமீட்டர் மழைக்கே காம்பவுண்டுக்குள் முழங்கால் அளவு நிற்கிறதென்றால், முதலில் சொந்த வடிகாலைத்தான் பார்க்க வேண்டும்.

ஆடி, ஆவணியிலேயே பார்ப்பது நல்லது. சென்னையில் அந்த மாதங்களில் சாயங்காலம் இடி மழை பெய்யும். குடையை எடுத்துக்கொண்டு ஒருமுறை வீட்டைச் சுற்றி வாருங்கள். மழை இல்லையா, மொட்டை மாடியில் ஓஸ் பைப்பைத் திறந்துவிட்டு, ஒவ்வொரு சேம்பராக, அதாவது வடிகால் பைப்புகள் வந்து சேரும் சின்னத் தொட்டிகளாக, மூடியைத் திறந்து பாருங்கள். தண்ணீர் எந்த சேம்பர் வரை வந்து நிற்கிறதோ, அதற்கும் அடுத்த சேம்பருக்கும் நடுவில்தான் அடைப்பு. கோளாறு தெரியாமல் தரையை உடைப்பதைவிட இது மலிவு.

நான் அடிக்கடி பார்ப்பது, மண் தங்கும் சேம்பரைத் தப்பாகக் கட்டியிருப்பது. வெளியே போகும் பைப் சேம்பரின் அடிமட்டத்திலிருந்து அரை அடியாவது மேலே இருந்தால்தான் மணலும் இலையும் கீழே தங்கும், கையால் அள்ளிவிடலாம். பல வீடுகளில் அடிமட்டத்திலேயே பைப்பை வைத்துப் பூசியிருப்பார்கள். மண் நேராகப் பைப்புக்குள் போய் இறுகிவிடும். சரியாகக் கட்டிய சேம்பரிலும் ஒரு தொல்லை உண்டு: தேங்கிய தண்ணீரில் கொசு முட்டையிடும், ஒரு வாரம் பத்து நாளில் அது பறக்கும் கொசுவாகிவிடும். திருவான்மியூர், சாந்தோம் மாதிரி மணற்பாங்கான இடங்களில் சேம்பர் அடியில் சிமென்ட் போடாமல் ஜல்லி கொட்டிவிட்டால் தண்ணீர் தானாக இறங்கிவிடும். அண்ணா நகர், விருகம்பாக்கம் பக்கம் களிமண், இறங்காது. அங்கே மூடி இடைவெளியில்லாமல் உட்கார வேண்டும், மழை விட்டதும் தண்ணீரை இறைத்துவிட வேண்டும்.

டைல்ஸ் வேலை, பூச்சு வேலை நடந்த வீடுகளில் இன்னொன்று. வேலை முடிந்ததும் சட்டியையும் கரண்டியையும் கழுவி, சிமென்ட் பாலை மழைநீர் ஜாலியிலேயே ஊற்றிவிடுவார்கள். அது பைப்புக்குள் கல்லாகிவிட்டால் அடைப்பெடுக்கும் எந்த ராடும் நுழையாது, பைப்பை மாற்றத்தான் வேண்டும். வேலை நடக்கும்போது ஜாலியை ஒரு சாக்கால் மூடி வையுங்கள்.

தரை வாட்டத்தையும் கவனியுங்கள். நூறு அடிக்கு ஓர் அடி இறக்கம், அதுவும் சுவரை விட்டு வெளிப்பக்கமாக. கார் நிறுத்த அழகாக டைல்ஸ் ஒட்டும்போது வாட்டம் வீட்டுப் பக்கம் திரும்பிவிடுவதை நிறையப் பார்க்கிறேன். ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் தெரிந்துவிடும். ஊற்றிப் பார்த்த பிறகு மேஸ்திரிக்குக் கடைசிப் பணத்தைக் கொடுங்கள்.

எல்லாவற்றிலும் எனக்குக் கோபம் வருவது, மழைநீர் பைப்பைப் பாதாளச் சாக்கடையில் சேர்த்துவிடும் பழக்கம். சாக்கடைக் குழாய் வீட்டுக் கழிவுநீர் அளவுக்குத்தான் போடப்பட்டது. தெருவே மழைத்தண்ணீரையும் அதில் விட்டால், அது திரும்பி வருவது தாழ்வாக இருக்கும் தரைத்தள பாத்ரூம் வழியாகத்தான். உங்கள் மாடித் தண்ணீர், பக்கத்து வீட்டுப் பாட்டி குளிக்கும் இடத்தில் மலத்தோடு பொங்கும். பிரித்துவிடுவது பெரும்பாலும் சின்ன வேலை. மாடித் தண்ணீரை மழைநீர் சேகரிப்புத் தொட்டிக்கு விடலாம். 2003 முதல் தமிழ்நாட்டில் அது கட்டாயமும்கூட. ஆனால் அந்தத் தொட்டியின் மணலும் ஜல்லியும் வருடத்துக்கு ஒருமுறை கழுவப்பட்டால்தான் தண்ணீர் இறங்கும். கார் கழுவிய சோப்புத் தண்ணீர் அதில் போகக் கூடாது.

வீட்டுக்குள் எல்லாம் சரியாக இருந்தும் தண்ணீர் நிற்கிறதென்றால், தெருவோர மழைநீர் வடிகாலின் வாயைப் பாருங்கள். குப்பையோ ஜல்லியோ அடைத்திருக்கும். மாநகராட்சியின் 1913 எண்ணில் மழைக்கு முன்பே சொல்லிவிடுங்கள். தண்ணீர் வடியட்டும் என்று நடுத்தெருவில் சாக்கடை மூடியை மட்டும் தூக்காதீர்கள். வெள்ளத்தில் அந்தக் குழி நடந்து வருபவர் கண்ணுக்குத் தெரியாது.