நிழலைக் கற்றுக்கொள்ளும் வகுப்பு

மேடை ஒளியமைப்பைக் கற்றுத்தரும் நல்ல பயிற்சி, இருட்டறையில் ஒரே ஒரு விளக்குடன் தொடங்கும். ஒருவரை நாற்காலியில் உட்காரவைத்து, விளக்கை அவரைச் சுற்றி நகர்த்துவார்கள். நேர் முன்னாலிருந்து ஒளி விழுந்தால் முகம் தட்டையாகிவிடும். உச்சியிலிருந்து விழுந்தால் கண்கள் குழிகளாகும். கீழிருந்து வந்தால் பேய் முகம்தான். மேடு எது, பள்ளம் எது என்பதை நமது மூளை நிழலை வைத்தே கணிக்கிறது. வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்பது அதன் பழைய நம்பிக்கை. அந்த நம்பிக்கையைக் குலைத்தால் பார்வையாளர் மிரள்வார்.

யேல் பல்கலைக்கழகத்தில் கற்பித்த ஸ்டான்லி மெக்கேண்ட்லெஸ் 1930களில் ஒரு முறையை வகுத்தார். மேடையைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இடமும் வலமுமாக இரண்டு விளக்குகளை ஏறத்தாழ 45 பாகைக் கோணத்தில் வைப்பது. ஒன்றுக்கு லேசான மஞ்சள் சாயல், மற்றதற்கு லேசான நீலச் சாயல். முகம் முழுவதும் தெரியும், ஆனால் தட்டையாகாது. இதைப் பழைய பாணி என்று ஒதுக்குவோர் உண்டு. தொடக்கப் பாடமாக இதைவிடத் தெளிவான ஒன்று எனக்குத் தெரியவில்லை.

மாணவர்களை அதிகம் திணறவைப்பது நிறம். விளக்கின் முன் மாட்டும் நீலத் தாள் ஒளிக்கு நீலத்தைச் சேர்ப்பதில்லை. மற்ற நிறங்களைத் தடுத்துவிடுகிறது. சிவப்பு உடையோ சிவப்பு ஒளியை மட்டுமே திருப்பி அனுப்பக்கூடியது. ஆகவே அடர்நீல ஒளியில் அது ஏறக்குறைய கறுப்பாகிவிடும். உடை வடிவமைப்பாளரிடம் பேசாமல் நிறம் தேர்ந்தெடுப்பவர் ஒத்திகையன்று வசை வாங்குவார்! எல்.இ.டி. விளக்குகளில் சிக்கல் வேறு. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் கலந்தால் வெள்ளைச் சுவரில் பழுதில்லாத வெண்மை கிடைக்கும். அதே ஒளியில் மனிதத் தோல் களையிழந்து நிற்கும். சிவப்புக்கும் பச்சைக்கும் இடைப்பட்ட அலைநீளங்கள் அந்தக் கலவையில் மிகக் குறைவு. அதனால்தான் நல்ல விளக்குகளில் ஆம்பர் (மஞ்சள் கலந்த ஆரஞ்சு) போன்ற கூடுதல் நிறத்தையும் சேர்க்கிறார்கள்.

பிரகாசத்திலும் கண் நம்மை ஏமாற்றும். விளக்கை இருமடங்கு தொலைவுக்குத் தள்ளினால் ஒளிச்செறிவு நான்கில் ஒன்றாகிவிடும். கண்ணுக்கு அவ்வளவு குறைந்ததாகத் தோன்றாது. இருண்ட காட்சிக்குப் பின் வரும் சாதாரண வெளிச்சமோ கண்ணைக் கூசவைக்கும். முதல் காட்சியிலேயே எல்லா விளக்குகளையும் முழுமையாக எரியவிடுபவருக்கு உச்சக்காட்சியில் கூட்டுவதற்கு எதுவும் மிஞ்சாது.

கட்டுப்பாட்டுப் பலகையை இயக்குவது ஒப்பீட்டளவில் எளிது. பலகையிலிருந்து விளக்குகளுக்குக் கட்டளை அனுப்பும் டிஎம்எக்ஸ்512 என்ற நெறிமுறையில் ஓர் இணைப்பில் 512 தடங்கள். ஒவ்வொன்றிலும் 0 முதல் 255 வரை படிகள். பழைய வகை விளக்குகளில் உள்ள டங்ஸ்டன் இழை மெதுவாகக் குளிர்வதால், அணையும்போது இந்தப் படிகள் கண்ணில் படுவதில்லை. எல்.இ.டி. உடனுக்குடன் மாறுவதால், மிக மங்கிய நிலையில் ஒளி துள்ளித் துள்ளி இறங்குவது தெரிந்துவிடும். இதைச் சரிசெய்ய, பல விளக்குகளில் பிரகாசத்துக்கு இரண்டு தடங்களைச் சேர்த்து ஒதுக்குகிறார்கள். 256 படிகள் 65,536 ஆகிவிடுகின்றன.