ரிலே மேல் இருக்கும் 40, எதற்கான 40?

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கி, ஒரு டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்தினேன். சாவியைக் கையில் எடுத்த பிறகும், முன்பம்பரில் நான் கூடுதலாக மாட்டியிருந்த ஃபாக் லைட் இரண்டும் எரிந்துகொண்டே இருந்தன. சுவிட்சை நாலு தடவை போட்டு அணைத்துப் பார்த்தேன்; பலனில்லை. பானெட்டைத் திறந்து, பேட்டரிக்குப் பக்கத்தில் இருந்த, விளக்குக்கான மின்சாரத்தைச் சேர்த்துப் பிரிக்கும் கறுப்பு ரிலேயை ஸ்க்ரூடிரைவர் பிடியால் லேசாகத் தட்டியதும் ‘டிக்’ என்றது. விளக்குகள் அணைந்தன.

அந்த ரிலேயின் மூடியில் 12 வோல்ட், 40 ஆம்பியர் என்று பளிச்சென்று அச்சிட்டிருந்தது. விளக்குகளோ ஒவ்வொன்றும் 55 வாட். இரண்டும் சேர்ந்து ஒன்பது, பத்து ஆம்பியர்தான் இழுக்கும். 40 தாங்கும் என்று எழுதியிருந்த பொருள் பத்திலேயே எப்படி ஒட்டிக்கொண்டது?

வீட்டுக்கு வந்து மூடியைப் பிளேடால் நெம்பித் திறந்தேன். உள்ளே தாமிரக் கம்பிச் சுருள் ஒன்று, அதன் தலைக்கு மேல் ஒரு இரும்புத் தகடு, தகட்டின் நுனியில் மிளகளவு வெள்ளிப் பொட்டு, அதற்கு எதிரே இன்னொரு பொட்டு. ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் ‘பாயிண்ட்’ என்று சொல்வது இந்தப் பொட்டுகளைத்தான். லென்ஸ் வைத்துப் பார்த்தபோது ஒன்றில் குழி விழுந்திருந்தது. மற்றதில், அந்தக் குழிக்குள் போய் உட்காரும்படி ஒரு சின்ன மேடு. ஒன்றில் உருகிய உலோகம் மற்றதில் போய்ப் படிந்திருக்கிறது. காரில் ஓடுவது டிசி. எப்போதும் ஒரே திசையில் போகிறது என்பதால் உலோகமும் ஒரே திசையில் இடம்பெயர்ந்து, நாளடைவில் குழியும் மேடும் ஒன்றுக்குள் ஒன்று கொக்கி போட்டதுபோல் சிக்கிக்கொள்கிறது. என் கேள்விக்கான பதில் அந்த இரண்டு பொட்டுகளில்தான் இருந்தது.

ரிலேயின் வேலை எளிது. டேஷ்போர்டு சுவிட்சிலிருந்து வரும் சிறிய மின்னோட்டம் சுருளைக் காந்தமாக்கும். காந்தம் தகட்டை இழுக்கும். பொட்டுகள் சேரும். பேட்டரியிலிருந்து பெரிய மின்னோட்டம் நேரே விளக்குக்குப் போகும். சாதாரண 12 வோல்ட் ரிலேயின் சுருளுக்கு ஏறத்தாழ 85 ஓம் மின்தடை. ஆகவே அது இழுப்பது 0.14 ஆம்பியர் மட்டுமே. 1830-களில் அமெரிக்காவில் ஜோசப் ஹென்றி செய்து காட்டிய வித்தை இது. தந்திக் கம்பியில் வெகுதூரம் வந்து களைத்துப்போன மின்சாரம், இன்னொரு பேட்டரியின் புது மின்சாரத்தைத் திறந்துவிடும். வழியில் களைத்த குதிரையை விட்டுவிட்டுப் புதுக் குதிரை ஏறுவதற்கு இருந்த சொல்தான் ரிலே. தொடர் ஓட்டத்தை இலங்கைத் தமிழர்கள் அஞ்சலோட்டம் என்கிறார்கள். அந்த ‘அஞ்சல்’ இதற்கும் அச்சாகப் பொருந்துகிறது.

ரிலே இல்லாமல் சுவிட்சிலிருந்தே விளக்குக்கு இழுத்தால் என்ன? சுவிட்சு சூடாகி உருகும் என்பது பலருக்குத் தெரியும். வெளிச்சம் குறையும் என்பது அவ்வளவாகத் தெரிவதில்லை. 0.75 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர் குறுக்களவு) வயர் ஐந்து மீட்டர் போனால் அதன் மின்தடை 0.115 ஓம். பத்து ஆம்பியர் ஓடும்போது 1.15 வோல்ட் வயரிலேயே தீர்ந்துபோகும். இன்ஜின் ஓடுகையில் கிடைக்கும் 13.5 வோல்ட்டில் இது எட்டரை சதவீதம்தான், பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் ஹாலஜன் பல்பின் ஒளி வோல்ட்டேஜைப் பின்தொடரும் விதம் வேறு: வோல்ட்டேஜ் விகிதத்தின் 3.4-ஆம் அடுக்குக்கு ஏற்ப அது மாறும். எட்டரை சதவீத வோல்ட்டேஜ் குறைந்தால் வெளிச்சத்தில் கால் பங்கு போய்விடும். பனிமூட்டத்தில் கொண்டை ஊசி வளைவு திரும்பும்போது அந்தக் கால் பங்கு பெரிய விஷயம். ரிலேயைப் பேட்டரிக்கு அருகே வைத்து, 2.5 ஸ்கொயர் வயரைக் குறுகிய வழியில் இழுத்தால் இழப்பு 0.2, 0.3 வோல்ட்டோடு நிற்கும்.

சரி, அந்த 40-க்கு வருவோம். அந்த எண் பெரும்பாலும் ‘மின்தடைச் சுமை’க்கானது. அதாவது, போட்டது முதல் அணைப்பது வரை ஒரே அளவு மின்சாரம் இழுக்கும் சுமை. ஆனால் பொட்டுகள் சேர்ந்திருக்கும் நேரத்தில் ரிலேக்குப் பெரிய சோதனை எதுவும் இல்லை. கொஞ்சம் சூடாகும், அவ்வளவுதான். அது தேய்வதெல்லாம் இரண்டே கணங்களில்: பொட்டுகள் சேரும் கணம், பிரியும் கணம். விளக்கு, பொட்டுகள் சேரும் கணத்தில் ரிலேயை வதைக்கிறது. ஹாரன், அவை பிரியும் கணத்தில் வதைக்கிறது.

முதலில் விளக்கு. எரிந்துகொண்டிருக்கும் 55 வாட் பல்பின் மின்தடை சுமார் 2.6 ஓம். அதே பல்பு குளிர்ந்திருக்கும்போது மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள், 0.2 அல்லது 0.3 ஓம்தான் காட்டும். டங்ஸ்டன் இழை சூடேற ஏற மின்தடை பத்து மடங்குக்கு மேல் ஏறும். ஆகவே சுவிட்சைப் போட்ட நொடியில் பல்பு ஏறக்குறைய ஷார்ட் சர்க்யூட் மாதிரி. தனி பல்பே நாற்பது ஆம்பியருக்கு மேல் கேட்கும். வயரின் மின்தடைதான் ஓரளவு கட்டுப்படுத்துகிறது. இழை வெள்ளையாகச் சூடேறுவதற்கு ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது, அதற்குள் மின்னோட்டம் அடங்கிவிடும்.

இங்கேதான் கெட்ட நேரம் கூடிவருகிறது. தகடு வந்து மோதும்போது பொட்டுகள் உடனே அமைதியாக ஒட்டுவதில்லை. சிமெண்ட் தரையில் போட்ட கோலிக்குண்டு மாதிரி ஓரிரு மில்லிநொடிக்குத் துள்ளும். ஒவ்வொரு துள்ளலிலும் இடைவெளியில் ஒரு பொறி. பொறியில் வெள்ளி உருகும். உருகிய இடத்தின் மேலேயே பொட்டு திரும்ப வந்து உட்காரும். மின்னோட்டம் உச்சத்தில் இருக்கும் அதே மில்லிநொடிகளில் இது நடக்கிறது. வெல்டிங் கடையில் நடப்பதும் இதுதானே. சுருள் விட்ட பிறகு ஸ்பிரிங் அந்தப் பற்றவைப்பைப் பிய்த்தெடுக்க வேண்டும். பல ஆயிரம் தடவை பிய்த்துவிடும். ஒருநாள் முடியாது. மேட்டுப்பாளையத்தில் எனக்கு நடந்தது அந்த ஒருநாள்.

அதனால் விளக்குக்கு ரிலே வாங்கும்போது மூடியில் உள்ள எண்ணோடு நிற்காதீர்கள். நல்ல தயாரிப்பாளர்கள் தரும் விவரத்தாளில் விளக்குச் சுமைக்கென்று தனி எண் இருக்கும்; அது 40-ஐவிடக் கணிசமாகக் குறைவாக இருக்கலாம். அந்த எண்தான் நமக்கு வேண்டியது. பொட்டு எந்த உலோகம் என்பதும் முக்கியம். வெள்ளியோடு டின் ஆக்சைடு கலந்த பொட்டுகள் எளிதில் பற்றிக்கொள்வதில்லை. விளக்குக்கு அவைதான் ஏற்றவை. விவரத்தாளே இல்லாத ரிலேயின் மேல் 40 என்றிருந்தாலும் 80 என்றிருந்தாலும் எனக்கு ஒன்றுதான், அதை நான் வாங்க மாட்டேன். ஹை பீமுக்கு ஒன்று, லோ பீமுக்கு ஒன்று, ஃபாக் லைட்டுக்கு ஒன்று எனத் தனித்தனி ரிலே வைப்பது நல்லது. ஒன்று போனாலும் சாலை முழுக்க இருட்டாகாது.

ஹாரனின் கதை வேறு. சாதாரண மின்காந்த ஹாரனுக்குள் ஒரு சுருள், ஒரு மெல்லிய எஃகுத் தகடு, தகடு நகரும்போது திறக்கும் ஒரு சின்ன பாயிண்ட். மின்சாரம் வந்ததும் தகடு இழுபடும், இழுபட்டதும் பாயிண்ட் பிரிந்து மின்சாரம் நிற்கும், தகடு திரும்பும், மறுபடி சேரும். நொடிக்கு 400, 500 தடவை இது நடப்பதுதான் நம் காதில் விழும் ஒலி. லோ டோன், ஹை டோன் ஜோடி மாட்டினால் எட்டிலிருந்து பத்து ஆம்பியர் ஆகும். ஃபாக் லைட்டின் அளவுதான். ஆனால் சுருளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு: ஓடிக்கொண்டிருக்கும் மின்னோட்டத்தைச் சட்டென்று நிறுத்த விடாது. ரிலேயின் பொட்டுகள் பிரிந்ததும் வோல்ட்டேஜை உயர்த்தி, இடைவெளியைத் தாண்டியாவது ஓடப் பார்க்கும். அதுதான் பொறிவில்.

வெள்ளிப் பொட்டுகளுக்கு இடையே பொறிவில் நிலைத்து எரிய ஏறத்தாழ 12 வோல்ட் வேண்டும். கார் பேட்டரியின் வோல்ட்டேஜ் சரியாக அந்த விளிம்பில் இருக்கிறது. பல்பு போன்ற சுமையில் பொட்டுகள் கொஞ்சம் விலகியதும் பொறி தானே செத்துவிடும். ஹாரன் சுருள் வோல்ட்டேஜை அந்த விளிம்புக்கு மேலே தள்ளிவிடுவதால் பொறி கூடுதல் நேரம் எரிந்து பொட்டைத் தின்கிறது. லாரி, பஸ்களில் 24 வோல்ட். அங்கே இந்த விளிம்பு எப்போதோ தாண்டியாயிற்று. ஒரே உருவம் கொண்ட ரிலேக்கு 12 வோல்ட்டில் 40 ஆம்பியரும் 24 வோல்ட்டில் 20 ஆம்பியரும் எழுதியிருப்பதற்குக் காரணம் இதுவே. 12 வோல்ட் ரிலேயை லாரியில் மாட்டினால் சுருளிலும் நாலு மடங்கு வெப்பம் எழும், அது கருகும்.

எத்தனை தடவை என்பதும் ஒரு கணக்கு. முழுச் சுமையில் ஒரு லட்சம் தடவை என்பது இந்த வகை ரிலேக்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் ஆயுள். ஃபாக் லைட்டை நாளுக்கு இரண்டு முறை போட்டால் லட்சத்தை எட்ட நூறு ஆண்டுக்கு மேல் ஆகும். ஹாரனை நாளுக்கு நூறு முறை அழுத்தினால் மூன்றே ஆண்டு. நம் ஊர் டவுன் போக்குவரத்தில் நூறு என்பது அதிகமே இல்லை. சுமை குறைந்தால் ஆயுள் கூடும். ஆகவே ஹாரன் ரிலேயை அதில் எழுதியிருக்கும் ஆம்பியரில் பாதிக்குக் கீழே ஓட்டுவது புத்திசாலித்தனம். சாக்கெட்டில் செருகும் வகையாக இருந்தால் மாற்றவும் சுலபம். ஏர் ஹாரன் மாட்ட நினைப்பவர்கள் ரிலேக்கு முன் சட்டத்தைப் பார்க்க வேண்டும். பல சுரங்களில் மாறி மாறி ஒலிப்பதையும், காதைக் கிழிப்பதையும் மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 119-ஆம் விதி தடை செய்கிறது. பைக்கில் குழந்தையோடு போகிறவரின் பின்னால் அந்தச் சத்தம் எழுந்தால் என்ன ஆகும் என்பதைப் பார்த்திருக்கிறேன். அதை யாருக்கும் மாட்டிக் கொடுக்க மாட்டேன்.

ரிலேயின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கால்களில் உள்ள எண்கள் ஜெர்மானிய டிஐஎன் 72552 தரத்திலிருந்து வந்தவை. 30 பேட்டரியிலிருந்து, ஃபியூஸ் வழியாக. 87 விளக்குக்கு. 86-உம் 85-உம் சுருளின் இரு முனைகள். வழக்கமாக 86 பாசிட்டிவ், 85 எர்த். பழைய ஹாரனின் கப்ளரில் இருந்த இரண்டு வயர்களை 86, 85-க்குக் கொடுத்துவிட்டால் போதும். ஸ்டியரிங் பட்டன் எர்த்தைச் சேர்க்கிறதா பாசிட்டிவ்வைச் சேர்க்கிறதா என்ற கவலையே வேண்டாம்.

ஐந்து கால் ரிலேயில் ஒரு கண்ணி இருக்கிறது. நடுக் கால் 87 என்றும் இருக்கலாம், 87ஏ என்றும் இருக்கலாம். இரண்டு 87 இருந்தால் விளக்குக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுக்கலாம். 87ஏ என்பது ரிலே ஓய்வில் இருக்கும்போது 30-ஓடு சேர்ந்திருக்கும் கால். இரண்டு 87 இருந்த இடத்தில் அவசரத்துக்கு 87ஏ ரிலேயைச் செருகினால், அந்தக் காலில் உள்ள விளக்கு சுவிட்சு அணைந்திருக்கும்போது எரியும். காலையில் பேட்டரி செத்திருக்கும். 30-உம் 86-உம் இடம் மாறிய வகையும் விற்கிறது. மூடியில் வரைந்திருக்கும் படத்தைப் பார்க்காமல் செருகக் கூடாது.

அந்தப் படத்தில் சுருளின் குறுக்கே ஒரு மின்தடையோ, மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடோ வரைந்திருக்கலாம். ரிலேயின் சுருளும் சுருள்தானே. அணையும்போது அதுவும் சில நூறு வோல்ட் எழுப்பி, சுவிட்சையும் காரின் எலக்ட்ரானிக் பெட்டியையும் அடிக்கும். மின்தடை, டயோடு இரண்டுமே அந்த வோல்ட்டேஜை அடக்கும். டயோடு நன்றாகவே அடக்கும், ஆனால் காந்தம் மெதுவாக விடுவதால் பொட்டுகளும் தயங்கிப் பிரியும். பொறிக்கு அது விருந்து. அதோடு 86, 85 மாறினால் டயோடு வழியாக ஷார்ட் ஆகும். ஹாரனுக்கும் விளக்குக்கும் என் கை மின்தடை வைத்த ரிலேக்குத்தான் போகும்.

ஃபியூஸ் பேட்டரி முனைக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கட்டும். அது காப்பது வயரை. எனவே வயரின் தாங்குசக்திக்கு உட்பட்ட எண்ணைப் போடுங்கள். இரண்டு 55 வாட்டுக்கு 2.5 ஸ்கொயர் வயரும் 15 ஆம்பியர் நீல ஃபியூஸும் பொருந்தும். ரிலேயின் கால்கள் கீழ்நோக்கி இருந்தால் மழைநீர் உள்ளே தங்காது.

எல்லாம் மாட்டியதும் விளக்கை எரியவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை 30-இலும் மறுமுனையை 87-இலும் வைத்துப் பாருங்கள். நல்ல பொட்டுகள் என்றால் பத்து ஆம்பியரில் 0.1 வோல்ட்டைத் தாண்டாது. புது ரிலேயில் நான் பார்த்தது 0.04. அந்த எண்ணை ரிலேயின் மூடியிலேயே மார்க்கர் பேனாவால் எழுதி வைத்தேன். ஒவ்வொரு ஐப்பசி மழைக்கு முன்னும் திரும்ப அளக்கிறேன். மூன்று மடங்காகும் நாளில், அது ஒட்டிக்கொள்வதற்கு முன்பே, மாற்றிவிடுவேன்.