பாதையில் ஓடும் தண்ணீரும் ஓரத்தில் முளைக்கும் உண்ணிச்செடியும்

மலையடிவாரத்துப் பூங்கா ஒன்றை உண்மையாகத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் மழை பெய்துகொண்டிருக்கும்போதே போய்ப் பார்க்க வேண்டும். இடி இல்லாத நாளாகப் பார்த்துக் குடையோடு போங்கள். சேலத்தில் கன்னங்குறிச்சியைத் தாண்டிச் சேர்வராயன் மலைப் பக்கம் போனால் சரிவில் நேராக மேலே ஏறும் நடைபாதைகள் நிறைய உண்டு, நம் ஊர்க் கரடுகளிலும் உண்டு. மழை நேரத்தில் அவை ஓடைகள். செம்மண் கரைந்து டீ நிறத்தில் தண்ணீர் பாதை நடுவே இறங்கும், பக்கத்திலேயே புதருக்குள் இருக்கும் மண் கொஞ்சம் ஈரமானதோடு சரி. ஒரே மழை, ஒரே சரிவு, நான்கு அடி தள்ளி இரண்டு வேறு கதை.

பூங்காவைச் சீரமைக்கிறோம் என்று கிளம்பும்போது பொதுவாக இரண்டு வேலையாகப் பிரித்துக்கொள்கிறார்கள். பாதை போடுகிறவர்கள் ஒரு கூட்டம், மரம் நடுகிறவர்கள் இன்னொரு கூட்டம், இரண்டு பேரும் பேசிக்கொள்வதே இல்லை. எனக்குத் தெரிந்தவரை இது ஒரே வேலை. பாதையில் தண்ணீர் என்ன செய்கிறது என்று புரிந்தால்தான் அதன் ஓரத்தில் என்ன முளைக்கும் என்று புரியும்.

முதலில் தண்ணீர்க் கணக்கு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் அது ஒரு லிட்டர். நான்கு அடி அகலத்தில் 100 மீட்டர் நீளப் பாதை என்றால் ஏறத்தாழ 120 சதுர மீட்டர். 30 மில்லிமீட்டர் மழை நமக்குப் புதிதல்ல, மே மாத இடிமழையிலோ ஐப்பசியிலோ ஒரே சாயங்காலத்தில் கொட்டிவிடும். அப்போது அந்தப் பாதையில் மட்டும் விழுவது 3,600 லிட்டர், பதினைந்து லிட்டர்க் குடத்தில் 240 குடம். மேற்சரிவிலிருந்து வந்து சேரும் தண்ணீர் இதில் சேர்த்தி இல்லை.

புதருக்குள் விழும் தண்ணீர் எங்கே போகிறது? நல்ல மண்ணில் ஏறத்தாழ பாதி வெற்றிடம்தான். செத்த வேர் விட்டுப்போன குழாய், மண்புழு போட்ட வழி, கரையான் அறை, அதையெல்லாம்விட நுண்ணிய துளைகள், இவற்றின் வழியாக மழை உள்ளே இறங்கிவிடும். காலால் மிதிக்க மிதிக்க இந்தத் துளைகள்தான் முதலில் நசுங்குகின்றன. அதுவும் மெதுவாக நசுங்குவதில்லை, புது இடத்தில் முதல் சில நூறு முறை நடப்பதிலேயே சேதத்தில் பெரும்பகுதி முடிந்துவிடுகிறது, அதற்கு மேல் எத்தனை பேர் நடந்தாலும் கூடுதல் சேதம் கொஞ்சம்தான். அதனால் ஆயிரம் பேர் பத்துத் தடத்தில் சிதறி நடப்பதைவிட அதே ஆயிரம் பேர் ஒரே தடத்தில் நடப்பது காட்டுக்கு நல்லது. சேறாக இருக்கிறதே என்று ஓரமாகக் கால் வைக்கிறோமே, அந்த ஓரம் அடுத்த மழையில் சேறாகும், அதற்கும் ஓரமாக அடுத்தவர் போவார், நான்கு அடிப் பாதை பன்னிரண்டு அடியாகிவிடும்.

உள்ளே இறங்க முடியாத தண்ணீர் சரிவைப் பார்த்து ஓடுகிறது. ஓடும் தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது உருட்டிப்போகக்கூடிய கல்லின் எடை கணக்குப்படி 64 மடங்காகிறது. இதை முதலில் படித்தபோது நான் நம்பவில்லை. ஆனால் சரிவின் மேல் பகுதியில் மணல் மட்டும் நகர்ந்திருப்பதையும், கீழே போகப் போக முழங்கை அளவு கல்லே புரண்டு கிடப்பதையும் பார்த்தபோது நம்பித்தான் ஆக வேண்டியிருந்தது. பாதை மெல்ல வாய்க்காலாகிறது, வாய்க்கால் ஆழமானதும் தண்ணீர் வெளியேற வழியே இல்லாமல் போகிறது, பிறகு ஒவ்வொரு மழையும் அதை இன்னும் ஆழமாக்குகிறது.

மரம் நட்டால் மண் அரிப்பு நின்றுவிடும் என்பது பாதி உண்மை. பெரிய மழைத்துளி விநாடிக்கு ஏறத்தாழ 9 மீட்டர் வேகத்தில் தரையை அடிக்கிறது. மரம் அதைத் தடுத்து இலையில் வாங்கிக்கொள்கிறது, சரி. ஆனால் இலை நுனியில் தண்ணீர் சேர்ந்து முன்னைவிடப் பெரிய துளியாகச் சொட்டும், மரம் உயரமாக இருந்தால் அந்தத் துளி கீழே வருவதற்குள் போன வேகத்தைக் கிட்டத்தட்ட முழுதாகப் பெற்றுவிடும். தேக்கு போல அகல இலை மரத்தின் அடியில் வெறும் தரையாக இருந்தால் மழைக்குப் பிறகு மண் தெறித்த தடம் தெளிவாகத் தெரியும். துளியின் கடைசி இரண்டு அடியில் அதைத் தாங்கிப் பிடிப்பவை புல்லும் குத்துச்செடியும் உதிர்ந்த சருகும். சுத்தம் செய்கிறோம் என்று சருகைக் கூட்டி எரிக்கிற பழக்கம் என்னை மிகவும் வருத்துவது இதனால்தான்.

இப்போது செடிக்கு வருவோம். பாதை ஓரம் என்பது கிளறிய மண், நிறைய வெயில், வேறு செடி இல்லாத வெற்றிடம். உண்ணிச்செடிக்கு வேறென்ன வேண்டும்? அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து அழகுக்காக இங்கே கொண்டுவரப்பட்ட செடி இது, இன்று மலைச்சரிவில் அது இல்லாத இடத்தைத் தேட வேண்டியிருக்கிறது. கறுப்புப் பழத்தைச் சின்னான் குருவி தின்று இன்னொரு கிளையில் உட்கார்ந்து எச்சமிடும், விதை அங்கே விழும். இலை ஆடுமாட்டுக்கு நஞ்சு, ஆகவே சுற்றியிருக்கும் நல்ல செடியையெல்லாம் ஆடு மேய்ந்துவிட்டு இதை மட்டும் விட்டுவைக்கிறது, நாமே களையெடுத்து உண்ணியை வளர்ப்பது போலத்தான். கோடையில் தீ பிடித்தால் காய்ந்த உண்ணிப் புதர் தரையிலிருக்கும் நெருப்பைக் கிளை வரைக்கும் ஏற்றிவிடுகிறது. எரிந்த பிறகு முதலில் துளிர்ப்பதும் அதுதான்.

“ஆனால் பட்டாம்பூச்சி நிறைய வருகிறதே” என்று சிலர் கேட்பார்கள். வரும், தேன் குடிக்க வரும். முட்டையிட அவற்றுக்கு வேறு செடி வேண்டும். கொன்றை இலையைத் தின்னும் புழு உண்ணி இலையைத் தொடாது, ஆடுதின்னாப்பாளை வகைச் செடியில் மட்டும் வளரும் புழு அது இல்லாத இடத்தில் பிழைக்காது. உண்ணிக்காடு பட்டாம்பூச்சிக்குச் சாப்பாட்டுக் கடை, பிள்ளை வளர்க்க அங்கே இடமில்லை.

சரி, எப்படி எடுப்பது? அரிவாளால் வெட்டினால் ஒன்றுக்கு ஏழாகத் துளிர்க்கும். கடப்பாரையால் முழு வேரையும் தோண்டினால் மண் கிளறிப்போய், உள்ளே தூங்கிய விதைகள் முளைக்கும், சரிவு என்றால் மண்ணும் கழுவிக்கொண்டு போகும். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் சி.ஆர். பாபு என்ற தாவரவியல் பேராசிரியரும் அவரோடு வேலை செய்தவர்களும் நடுவழி ஒன்றைச் சொன்னார்கள். துளிர்க்கும் மொட்டுகள் தண்டும் வேரும் சேரும் இடத்தில்தான் இருக்கின்றன. ஆகவே தரைக்கு 3 முதல் 5 செ.மீ. கீழே முதன்மை வேரை வெட்டி, புதரைப் பெயர்த்துத் தலைகீழாக நிறுத்திக் காயவிட வேண்டும். மண்ணில் தங்கிய வேர் துளிர்ப்பதில்லை, புதரின் அடிப்பகுதி மண்ணைத் தொடாததால் மீண்டும் வேர் பிடிப்பதும் இல்லை. குறுகிய வாயுள்ள மண்வெட்டி, ஈர மண், கொஞ்சம் பொறுமை, இவ்வளவுதான் வேண்டும். காய்ந்த குச்சியும் வீணில்லை, மாதேஸ்வரன் மலைப் பக்கம் அதில் நாற்காலியும் கூடையும் செய்கிறார்கள்.

இங்கே நான் பார்த்த ஒரு தோல்வியைச் சொல்ல வேண்டும். நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒரு மே மாதம் பாதை ஓரத்து உண்ணி முழுவதையும் ஒரே நாளில் எடுத்தோம், அடுத்த நாளே நாற்பது கன்று நட்டோம். எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். பத்து நாளில் வந்த இடிமழையில் பாதைத் தண்ணீர் வெறும் சரிவில் பாய்ந்து பாதிக் கன்றுகளை வேரோடு எடுத்துக்கொண்டு போனது, மிஞ்சியவற்றை ஆவணிக்குள் புது உண்ணி நாற்றுகள் மூடிவிட்டன. நாங்கள் எடுத்தது புதரை மட்டும்தான், மண்ணிலிருந்த விதையும் பாதையில் ஓடும் தண்ணீரும் அப்படியே இருந்தன. இப்போது துண்டு துண்டாகத்தான் எடுக்கிறோம். பழம் இல்லாத காய்ந்த கிளையைச் சரிவுக்குக் குறுக்கே கிடத்துகிறோம், கொழுக்கட்டைப்புல் விதையை முதலில் தூவுகிறோம். புல் பிடித்த இடத்தில் உண்ணி நாற்றுக்கு வெளிச்சம் குறைகிறது. குருவிக் கூடு இருக்கும் புதரைக் கடைசியில் தொடுகிறோம்.

பாதையைச் சரிசெய்ய நமக்குப் பாடம் ஏற்காட்டுச் சாலையிலேயே இருக்கிறது. இருபது கொண்டை ஊசி வளைவு எதற்கு? நேராக ஏறினால் வண்டியும் ஏறாது, தண்ணீரும் சும்மா இறங்காது. நடைபாதைக்கும் அதே விதிதான். மலைச்சரிவு எவ்வளவு செங்குத்தோ, பாதையின் ஏற்றம் அதில் பாதிக்கு மேல் போகக் கூடாது. அதற்கு மேல் போனால் தண்ணீருக்குப் பாதையே எளிய வழியாகிவிடும், பக்கவாட்டில் இறங்காமல் பாதையோடு வரும். மொத்தத்தில் நூறு அடி நடந்தால் பத்து அடிக்கு மேல் ஏறாமல் இருந்தால் நல்லது.

அடுத்தது, பாதையின் பள்ளத்துப் பக்க ஓரம் சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும். நான்கு அடிப் பாதைக்கு இரண்டு, இரண்டரை அங்குலம் போதும், நடக்கும்போது காலுக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். ஒரு சாத்துக்குடியை வைத்துப் பாருங்கள், பள்ளத்துப் பக்கம் உருண்டால் சரி, பாதையோடு உருண்டால் தப்பு. காலப்போக்கில் நடு தேய்ந்து ஓரத்தில் மண் மேடு கட்டும், அந்த மேட்டை ஆண்டுக்கு ஒரு முறை செதுக்கிவிட வேண்டும். செலவில்லாத வேலை, ஆனால் யாரும் செய்வதில்லை.

மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது. ஏறிப்போகும் பாதை நடுநடுவே சில அடி தூரம் இறங்கி மறுபடி ஏற வேண்டும். அந்தச் சிறு பள்ளத்தில் தண்ணீர் நின்று, பாதையை விட்டு வெளியேறி, புதருக்குள் பரவி மண்ணில் இறங்கும். கட்டையையோ கல்லையோ குறுக்கே வைத்துத் தடுப்பதும் உண்டு, ஆனால் இரண்டு மழையில் வண்டல் சேர்ந்து தண்ணீர் அதன் மேலேயே ஏறி ஓடத் தொடங்கும். பள்ளம் அப்படி எளிதில் அடைபடாது. தண்ணீர் வெளியேறும் அந்த வாயில்தான் நான் கன்று நடச் சொல்வேன். 240 குடமும் பங்கு பங்காகப் பிரிந்து வேருக்கே போய்ச் சேரும். சரிவில் பேவர் பிளாக் பதிப்பது எனக்கு உடன்பாடில்லை, அதன் மேல் தண்ணீர் வேகமாக ஓடி ஓரத்து மண்ணை அரிக்கும், இரண்டு ஆண்டில் கல் ஆடத் தொடங்கும்.

என்ன நடுவது என்றால், ‘நாட்டு மரம்’ என்ற ஒரு சொல் போதாது. சேலம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் அளவில் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டர். மேலே ஏழு டிகிரி அளவுக்குக் குளிர்ச்சி, பனிமூட்டம், கூடுதல் மழை. அங்கே ஆர்க்கிட் பூக்கிற மரக்கிளை கீழே கன்னங்குறிச்சி வெயிலில் நிற்காது. அங்கேயே மிளகுக்கொடி ஏறும் சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது என்பதும் பலருக்குத் தெரியாது. அடிவாரத்துக்குரியவை உசிலை, வெப்பாலை, நுணா, கொன்றை, ஆச்சா, புதராகக் காரையும் சூரையும் ஆவாரையும். காரை, சூரையை முள் என்று வெட்டிவிடாதீர்கள். ஆடு நுழைய முடியாத அந்த முள்ளுக்குள்தான் குருவி போட்ட விதை பத்திரமாக முளைத்து மேலே வருகிறது. சந்தனம் நடுகிறவர்கள் தனியாக நட்டு ஏமாந்துபோகிறார்கள், அது பக்கத்துச் செடியின் வேரில் தன் வேரைப் பதித்துச் சத்தை வாங்கிக்கொள்ளும் மரம். அதனால்தான் நாற்றங்காலில் துவரையோடு சேர்த்து வளர்ப்பார்கள், தரையிலும் துணை வேண்டும். கன்று ஆள் உயரம் இருக்க வேண்டும் என்று தேடவும் வேண்டாம், பையில் அதிக நாள் இருந்த கன்றின் வேர் உள்ளேயே வட்டம் போட்டுச் சுற்றியிருக்கும்.

அரித்த மண் எங்கே போகிறது என்பதும் நம் ஊரிலேயே தெரியும். சேர்வராயன் சரிவிலிருந்து இறங்கும் தண்ணீர்தான் மூக்கனேரிக்கு வருகிறது. ஊர் மக்கள் சேர்ந்து அந்த ஏரியை மீட்டபோது தோண்டிய மண்ணையே மேடாக்கித் தீவுகள் அமைத்து மரம் வைத்தார்கள், இன்று அதில் பறவைகள் அடைகின்றன. மேலே பாதை ஒவ்வொரு மழைக்கும் கரைந்தால் அந்த வண்டல் மறுபடி இங்கேதான் வந்து படியும்.

உண்ணி எடுத்த இடத்துக்குக் குறைந்தது மூன்று ஆண்டு, ஒவ்வொரு மழைக்குப் பிறகும் போக வேண்டும், விரல் நீள நாற்றாக இருக்கும்போது ஈர மண்ணில் சுண்டினாலே வந்துவிடும். பிடுங்கும் முன் இலையைக் கசக்கிப் பாருங்கள். சொரசொரப்பும் நெடியும் இருந்தால் உண்ணி. அதே மாதிரி எதிரெதிர் இலை வைத்து, கிள்ளினால் பால் வடிந்தால் கையை எடுத்துவிடுங்கள், அது வெப்பாலையாக இருக்கலாம். யாரும் நட்டிருக்க மாட்டார்கள். மேலே எங்கோ வெடித்த காயிலிருந்து பஞ்சோடு பறந்து வந்து விழுந்திருக்கும்.