கையில் தெரியும் நீலக்கோடு நரம்பு அல்ல

"மிஸ், இந்த நரம்புதான் செத்துவிட்டது. நீவி எழுப்ப முடியாதா?"

தாயின் வலது புறங்கையில் ஓடிய நீலக்கோட்டைத் தொட்டுக் காட்டி மகன் கேட்டார். இந்த மாதத்தில் இதே கேள்வி மூன்றாவது முறை. என் குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போனது.

தம்பி, அது நரம்பு அல்ல, நாளம். அதில் ஓடுவது இரத்தம். நம் பேச்சில் எல்லாமே நரம்புதான். காலில் நாளம் புடைத்தால் "நரம்பு சுருண்டுவிட்டது". கெண்டைக்கால் தசை பிடித்தால் "நரம்பு இழுக்கிறது". சேலைன் ஏற்ற இடம் அகப்படாவிட்டால் "நரம்பு கிடைக்கவில்லை". (இதை வைத்தியசாலையில் நாங்களே சொல்கிறோம், வெட்கம்தான்.) உண்மையான நரம்பு வெண்மையான நூல்கற்றை போன்றது, பெரும்பாலும் தசைகளுக்கிடையே ஆழத்தில் கிடக்கும். முழங்கையின் உட்புறம் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை சுரீரென்று பாய்கிறதே, அங்கே அது தோலுக்கு அருகில் வருகிறது. பிட்டத்திலிருந்து காலுக்கு இறங்கும் நரம்புதான் உடம்பிலேயே தடித்தது. அதைக்கூட நீங்கள் வெளியிலிருந்து பார்க்க முடியாது.

கட்டளை பிறப்பது மூளையில். முகத்துக்கும் தொண்டைக்கும் மூளையிலிருந்தே நரம்புகள் போகின்றன. கை, கால், உடலுக்கு முதுகெலும்புக்குள் ஓடும் முண்ணாண் வழியாக இறங்கி 31 சோடி நரம்புகளாகப் பிரிகின்றன. மூளையின் அடிப்பகுதியில் பாதை பக்கம் மாறுவதால் வலது கையை ஆள்வது இடது மூளை. பெரும்பாலானோருக்குப் பேச்சும் அந்தப் பக்கம்தான்.

அந்த அம்மாவுக்குத் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் வலது கை விழுந்ததும் வாய் குழறியதும் ஒரே நேரத்தில். கையில் ஒரு பழுதும் இல்லை. மூளையில் இரத்தக்குழாய் அடைத்திருந்தது. பாரிசவாதம். தோட்டக் குடியிருப்பான லயத்திலோ எண்ணெய் காய்ச்சி இரண்டு நாள் கையை நீவியிருக்கிறார்கள்!

அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு எல்லை நாலரை மணித்தியாலம். அதற்குள் சீ.டி. ஸ்கேனும் எடுத்தாக வேண்டும், ஏனென்றால் இரத்தக்கசிவாக இருந்தால் அதே ஊசி ஆளைக் கொன்றுவிடும். தோட்டத்திலிருந்து பிரதான வீதிக்கு இறங்கவே ஒரு மணித்தியாலம் போகும் இடங்கள் நம்மிடம் உண்டு. இதில் எண்ணெய் காய்ச்ச நேரம் ஏது?

வாய் கோணினால், தூக்கிய கைகளில் ஒன்று தானாக இறங்கினால், பேச்சுக் குழறினால் உடனே 1990 அம்புலன்ஸை அழையுங்கள். பிளேன்டீ கொடுக்காதீர்கள், ஒரு வாய்கூட வேண்டாம். விழுங்கும் திறன் கெட்டிருந்தால் அது நுரையீரலுக்குள் போய்விடும். அஸ்பிரினும் வேண்டாம். விரல் நுனியில் ஊசி குத்தி இரத்தம் எடுக்கச் சொல்லும் வாட்ஸ்அப் வைத்தியத்தைத் தயவுசெய்து அழித்துவிடுங்கள். அரை மணியில் தானாகச் சரியாகிவிட்டதா? அப்போதும் வாருங்கள், அன்றைக்கே.

நீவுவதற்கு நான் எதிரி அல்ல. இயன்மருத்துவரான (பிசியோதெரபிஸ்ட்) என் பிழைப்பே கை வைப்பதுதான். ஆனால் என் முறை பிறகு வருவது. இரண்டு இலையும் மொட்டுமாக நாளெல்லாம் கிள்ளிய அந்த விரல்கள் இப்போது என் மேசையில் ஒரு தீக்குச்சியை எடுக்கப் பழகுகின்றன. நேற்று மூன்று எடுத்தார்.

வைத்தியர் முதலில் கேட்பது, "எத்தனை மணிக்குத் தொடங்கியது?" "காலையில்" என்ற பதில் போதாது. மணிக்கூடு பார்க்கவில்லையென்றால், முதல் நிறுவைக்கு முன்னரா பின்னரா என்றாவது சொல்லுங்கள்.