டிஸ்போசல்: கோப்பு முடிந்ததா, அழிந்ததா?

தாலுகா ஆபீஸில் பழைய மனு ஒன்றைப் பற்றி விசாரித்தால், "அது டிஸ்போஸ் ஆயிருச்சுங்க" என்று பதில் வரும். கோப்பையே தூக்கிப் போட்டுவிட்டார்கள் போல என்று கேட்டவர் கிளம்பிவிடுவார். சொன்னவர் நினைத்தது வேறாக இருக்கலாம். மனுமீது உத்தரவு போட்டாயிற்று, கோப்பு பதிவறைக்குப் போய்விட்டது, அவ்வளவுதான். பட்டா மாறுதலுக்கும் வாய்க்கால் தகராறுக்கும் அலைகிற நம் கொங்குப் பக்கத்துக் குடியானவர்கள் பலர், கேட்டால் கிடைக்கக்கூடிய காகிதத்தை இந்த ஒரு சொல்லால் கைவிட்டுவிடுகிறார்கள்.

சொல்லின் மூலம் லத்தீன். 'டிஸ்போனெரே' என்றால் பிரித்து அதனதன் இடத்தில் வைப்பது. தூக்கி எறிவது என்ற பொருள் பிற்பாடு ஒட்டிக்கொண்டது. ஆவண மேலாண்மையில் பழைய பொருள்தான் முதன்மை. வேலை முடிந்த கோப்பை எத்தனை வருஷம் வைத்திருப்பது, அதற்குப் பிறகு காப்பகத்துக்கு அனுப்புவதா அழிப்பதா என்று தீர்மானித்து அதன்படி செய்வதெல்லாம் சேர்ந்ததே டிஸ்போசல். அழிப்பு அதில் ஒரு வழி.

நம் மாவட்ட அலுவலகங்களில் இதற்கு வெகுகாலமாக ஒரு முறை இருக்கிறது. கோப்பை முடிக்கும்போதே அதன் காப்புக்காலத்தையும் எழுதிவிடுவார்கள். எல்.டிஸ். என்றால் ஓராண்டு, தமிழில் ஓ.மு. மூன்றாண்டு வைக்க வேண்டியது கே.டிஸ்., அதாவது மூ.மு. பத்தாண்டுக்கு டி.டிஸ்., ப.மு. காலத்துக்கும் வைக்க வேண்டியது ஆர்.டிஸ்., நி.மு. இதில் 'மு' என்பது முடிவு. உங்களுக்கு வந்த பதில் கடிதத்தை எடுத்து, மேலே எண்ணுக்கு முன்னால் இருக்கும் எழுத்தைப் பாருங்கள். ந.க. என்றிருந்தால் கோப்பு இன்னும் நடப்பில் இருக்கிறது. மூ.மு. என்றிருந்தால் மூன்று வருஷத்துக்குள் நகல் வாங்கிவிட வேண்டும். இந்த இரண்டெழுத்தை நம்மில் பெரும்பாலோர் படிப்பதே இல்லை. அந்தக் கோப்பின் ஆயுளே அதில்தான் இருக்கிறது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'தீர்வு செய்தல்', 'அகற்றல்' என்றெல்லாம் எழுதுகிறார்கள். 'அகற்றல்' குப்பைக்குப் பொருந்தும், கோப்புக்குப் பொருந்தாது. அலுவலகத் தமிழ் ஏற்கெனவே வைத்திருக்கும் 'முடிவு' நல்ல சொல். எரிப்பதையோ அரைப்பதையோ சொல்ல வேண்டிய இடத்தில் ஒளிக்காமல் 'அழிப்பு' என்றே எழுதலாம். ஒரே சொல்லை இரண்டுக்கும் போடுவதால்தான் இத்தனை குழப்பமும்.

நி.மு. கோப்பாகவே இருந்தாலும் அது எந்த அலுவலகத்தில் பிறந்தது என்று தெரிய வேண்டும். ஆவணத் துறையில் இதைத் தோற்றுவாய் என்று சொல்லலாம். நம் பக்கத்தில் இது பெரிய விஷயம். தாராபுரம் 1979 வரை கோவை மாவட்டம், அப்புறம் பெரியார் மாவட்டம் (பின்னால் அதுவே ஈரோடு), 2009 முதல் திருப்பூர். ஊர் இருந்த இடத்திலேயே இருக்க, கலெக்டர் ஆபீஸ் மட்டும் இரண்டு முறை மாறியிருக்கிறது. 1970களில் ஒரு தோட்டத்துக்கு கலெக்டர் போட்ட உத்தரவைத் திருப்பூரில் மட்டும் தேடிவிட்டு இல்லை என்று முடிவுகட்டக் கூடாது, கோவையிலும் ஈரோட்டிலும் கேட்க வேண்டும். கம்பெனி காலத்துக் கோவை மாவட்டப் பதிவுகளோ சென்னை எழும்பூரில், 1909இல் கட்டிய தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, பிரிவு 4(1)(அ), ஒவ்வொரு பொது அதிகார அமைப்பும் தன் பதிவுகளை வகைப்படுத்தி, அட்டவணையிட்டுப் பராமரிக்க வேண்டும் என்கிறது. அதனால் "டிஸ்போஸ் ஆயிருச்சு" என்ற வாய்ப்பதிலோடு திரும்பாதீர்கள். பத்து ரூபாய்க் கட்டணத்தோடு மனு எழுதி மூன்று கேள்வி கேளுங்கள்: கோப்பு எந்த வகை முடிவில், எந்தத் தேதியில் முடிக்கப்பட்டது? இப்போது பதிவறையில் இருக்கிறதா? அழித்திருந்தால் யாருடைய உத்தரவில், எந்தத் தேதியில்?